நான் தட்டச்சு செய்த வம்சம்

அவளுக்கு டாக்டர் பட்டம் கிடைக்கக் கூடாது என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

இருவருக்கும் கரமனையில் ஒரே தெரு. எம்.ஏ. வரலாறும் ஒன்றாகத்தான் படித்தோம். போர்ச்சுகலை ஆண்ட அவிஸ் வம்சத்தைப் பற்றி வகுப்பில் கட்டுரை வாசித்தது நான். அரசர் ஒருவருக்கு முறைதவறிப் பிறந்த மகன் அரியணை ஏறியதில் தொடங்கி, அவர்கள் கப்பல்கள் நம் மலையாளக் கரையில் மிளகு அள்ளிப்போன காலம் வரை சொன்னேன். அவள் நகம் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் அப்பா படுத்த படுக்கையானார். நான் ஆரியசாலையில் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை போட்டேன். அவள் ஆராய்ச்சிக்குப் போனாள். எடுத்துக்கொண்ட தலைப்பு, அவிஸ் வம்சத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும். கேட்டதும் வயிறு எரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் கைப்பிரதியை என்னிடமே கொண்டுவந்தாள்.

"உன்னை விட்டா இந்தப் பேரெல்லாம் யாருக்குடி வாயில நுழையும்?" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி அத்தியாயத்தில் தப்பு கண்ணில் பட்டது. மொராக்கோவுக்குப் படையெடுத்துப் போய் வாரிசில்லாமல் மடிந்த இளம் ராஜாவை, முந்தைய ராஜாவின் மகன் என்று எழுதியிருந்தாள். அவன் பேரன். பிறப்பதற்குச் சில நாள் முன்பே அப்பன் போய்விட்டான். தாத்தாவுக்குப் பின் மூன்று வயதில் அரசனானான். அந்த ஒற்றைக் குழந்தையை நம்பி வம்சமே தொங்கியதில்தான் வீழ்ச்சி தொடங்குகிறது. அவனுக்குப் பின் பட்டத்துக்கு வந்த வயதான மதகுருவுக்கும் பிள்ளையில்லை; நாடு ஸ்பெயின் கைக்குப் போனது. இதில் கோட்டைவிட்டால் அத்தியாயமே ஆட்டம் காணும்.

சந்தேகம் வந்தால் யார் பிரதியானாலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவேன். அவளுக்குப் போடவில்லை. மகன் என்றே அடித்துக் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். கடையைச் சாத்திவிட்டு, அவள் விழுவதைப் பார்க்கத்தான் போனேன். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டி, இந்த ராஜா யாருக்கு மகன் என்று கேட்டார். அவள் முகம் வெளுத்தது. கடைசி வரிசையில் எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

அவள் நகத்தைக் கடித்தபடி பக்கத்தைப் பார்த்தாள். "பேரன்தான் ஸார். டைப்பிங் மிஸ்டேக்" என்று சொல்லி, என் பக்கம் கையையும் காட்டினாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. பேராசிரியர் என்னைப் பார்த்து, போனால் போகிறது என்பதுபோலச் சிரித்தார். கைப்பிரதி என் கடை இழுப்பறையில்தான் இருந்தது. கொண்டுவந்து காட்டியிருக்கலாம். எல்லோருக்கும் போடுகிற கேள்விக்குறியை எனக்கு ஏன் போடவில்லை என்று அவள் திருப்பிக் கேட்டால்?

பட்டம் உறுதியானதும் லட்டுப் பொட்டலத்தோடு என்னிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"படிக்காம ஒரு வரிகூட நீ அடிக்க மாட்டே. எனக்குத் தெரியாதாடி?"

லட்டை வாங்கிக்கொண்டேன். மறுநாள் அந்தப் பக்கத்தைத் திருத்தி, எத்தனை பிரதி கேட்டாளோ அத்தனையும் எடுத்துக் கொடுத்தேன்.