'நோர்மல்' என்று எழுதிய குழாய்

மூன்று வருடம் ஒரே இடத்தில் போத்தல் கழுவினால் மனிதனுக்குக் கண்ணாலேயே பாதிப் படிப்பு வந்துவிடும். எர்லாங்கனில் நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில் எனக்கு வந்த படிப்பு ஒரு கணினித் திரையின் வலது மூலையைப் பற்றியது. அந்த மூலை வெறுமையாக இருந்தால் இரத்தம் கொடுத்தவரின் நிலைமை மோசம். எனக்கு இதை யாரும் படிப்பிக்கவில்லை. தட்டுகளை எடுக்கப் போகும்போது எட்டிப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நம் இரத்தத்தில் நோயோடு சண்டை பிடிக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை, மற்றவற்றை ஏவிவிடுகிற வகை. அந்த அணுக்களின் மேற்பரப்பில் ஒரு வாங்கி, ஆங்கிலத்தில் ரிசெப்டர் என்பார்கள், நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேடிப் பிடிக்க ஒரு பிறபொருளெதிரி, அதுதான் ஆன்டிபாடி, சின்ன விரல் அளவுக் குப்பியில், குளிர்பெட்டிக்குள் இருந்தது. அதோடு ஒரு பச்சைச் சாயமும் கட்டியிருக்கும். அது வாங்கியில் போய் ஒட்டிக்கொண்டால், மெஷின் அணுக்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு முன்னால் ஓட விட்டு, பச்சையாக மின்னுகிறதையெல்லாம் வலது மூலையில் புள்ளி புள்ளியாக வைக்கும். சுகமானவரின் இரத்தமென்றால் அந்த மூலையில் ஈ மொய்த்தது போல இருக்கும். எய்ட்ஸ் நோயாளிகளின் மூலை மெலிந்து மெலிந்து வெறுமையாகும். அவர்களுடைய குழாய்களில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வரும். மஞ்சளைக் கண்டால் இரண்டு கையுறை போடு, இதுதான் முதல் நாள் எனக்குச் சொன்ன ஒரே பாடம்.

மெஷினைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது தாண்டிய ஜேர்மன் அம்மா. வேலை தொடங்கமுன் ஒவ்வொரு நாளும் ஒரு சுகதேகியின் இரத்தத்தை ஓட விட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். அந்தச் சுகதேகி எப்போதும் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தடிமன் பிடித்து வீட்டில் நின்றுவிட்டார். தமிழ்நாட்டில் இருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த ஒரு தம்பி என்னிடம் வந்தார்.

"அண்ணா, ஒரு ஹெல்ப். கண்ட்ரோலுக்கு பிளட் வேணும். பத்து எம்.எல். போதும்."

"என்ரை ரத்தத்தை ஓட விட்டால் உம்மடை மெஷின் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கத் தொடங்கும், பரவாயில்லையோ?"

"கதைக்கட்டும்ணா. நீங்க பேசறதே எனக்குப் பாதிதான் புரியுது, அதுவும் பாதி பேசட்டும்."

கையை நீட்டினேன். அவர் இரத்தத்தை எடுத்து, குழாயில் 'நோர்மல்' என்று எழுதினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குள் ஒரு குளிர்ச்சி. அந்த நாட்டில் நான் தங்கியிருக்கத் தந்த கடதாசியில் 'பொறுத்துக்கொள்ளப்படுகிறவர்' என்றுதான் எழுதியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அதைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கிற எனக்கு, 'நோர்மல்' என்று முதன்முதலில் எழுதித் தந்தது அந்தக் குழாய்தான்.

ஒரு மணித்தியாலம் கழித்துத் தட்டு எடுக்கப் போனேன். தம்பி திரையைப் பார்த்தபடி இருந்தார். வலது மூலையில் ஒரு ஈ கூட இல்லை.

"ஆன்டிபாடி கெட்டுப் போச்சு போலண்ணா," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு தன்னுடைய கையிலேயே ஊசி போட்டு இரத்தம் எடுத்தார். அதே குப்பி, அதே துளி அளவு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய். அவருடைய மூலையில் புள்ளிகள் நிறைந்தன. என்னுடையதில் இரண்டாம் தரமும் வெறுமை.

எங்களோடு அகதி முகாமில் இருந்த ஒரு அண்ணை சொல்லுவார், இடி விழுந்தவனுக்கு இடிச் சத்தம் கேளாது என்று. தம்பி ஏதோ சொன்னார், வாய் அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் "மண்டே மேடம் வரட்டும்ணா, யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்பது மட்டும் காதில் விழுந்தது. 'நோர்மல்' என்று எழுதிய குழாயை அவர் மஞ்சள் வாளிக்குள் போட்டார். இரண்டு கையுறை போட்டுக்கொண்டுதான் போட்டார். அதை அவர் அறிந்து செய்திருக்க மாட்டார். ஆனால் நான் கண்டேன்.

சைக்கிளை உழக்க ஏலாமல் உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அந்த நோய் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஜேர்மனிக்கு வருகிற வழியில் ஒரு நகரத்தில், எங்களைக் களவாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எங்கள் ஒன்பது பேரை ஒரே அறையில் அடைத்து வைத்திருந்தான். காய்ச்சல் பரவியபோது யாரோ ஒருவன் வந்து ஒன்பது பேருக்கும் ஒரே ஊசியால் குத்திவிட்டுப் போனான். நான் ஏழாவது ஆள். அதற்குப் பிறகுதான் கல்யாணம். இப்போது மனைவிக்கு ஏழு மாதம்.

நான் போனால் போகிறேன். அவளுக்கும் வயிற்றில் இருக்கிறதுக்கும் கொடுத்துவிட்டேனா? அந்த ஒரு கேள்விதான் என் தலைக்குள் சுற்றியது. வேறு எதுவும் இல்லை.

அறியாமையைச் சொல்லத்தானே வேண்டும். என் சட்டைப் பையில் ஆய்வுகூடத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று கிடந்தது. என்னுடைய தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் அதை ஒட்டினேன். அவளுடைய கோப்பையோடு மாறிவிடக்கூடாது என்று. துவாயை வேறு ஆணியில் கொழுவினேன்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் குழையல். கிழமை முழுக்க மிஞ்சிய கறிகளைச் சட்டியில் சோற்றோடு போட்டு, நான் கையால் குழைத்து உருண்டை பிடித்து அவளுடைய உள்ளங்கையில் வைப்பேன். அது எப்போதும் என்னுடைய வேலை. அன்றைக்கு நான் சட்டிக்குப் பக்கத்திலேயே போகவில்லை.

"என்னப்பா, கை வைக்கேல்லையோ?"

"கையிலை வெட்டுக் காயம். நீர் குழையும்."

"காட்டுங்கோ பாப்பம்."

"சின்னக் காயம் தான். விடும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தானே குழைத்தாள். உருண்டையை நீட்டியபோது நான் தட்டை நீட்டினேன். கையில் வாங்கவில்லை. "விருந்தாளி மாதிரி," என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாளும் எங்களுக்குள் கதை குறைவு. நான் என் பயத்துக்குள் இருந்தேன். அவளும் ஏதோ ஒன்றுக்குள் இருந்தாள் என்பதைக் கவனிக்க எனக்குப் புத்தி இல்லை.

திங்கள் காலை அந்த அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். தம்பி வெள்ளிக்கிழமைத் தாளை அவர் முன்னால் வைத்தார். நான் கதவடியில் நின்றேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி நெடுநேரம் பார்த்தார்.

"நிறைய அளக்கிறவன் நிறையக் குப்பையும் அளப்பான்," என்றார். அவர்களுடைய ஆய்வுகூடங்களில் ஓடித் திரிகிற பழமொழி அது. பிறகு தம்பியிடம் திரும்பி, "நீ மூலையை மட்டும் பார்த்தாய். கூட்டிப் பார்த்தாயா? மொத்தப் படை இவ்வளவு நிற்கிறது. அதில் நோயைக் கொல்லுகிற வகை மூன்றில் ஒரு பங்குதான். மற்ற இரண்டு பங்கும் யார்? பேயா? நோய் என்றால் அந்த ஏவிவிடுகிறவர்கள் செத்துக் குறைந்திருக்க வேணும். இங்கே எல்லாரும் நிற்கிறார்கள், சாயம் மட்டும் ஏறவில்லை," என்றார்.

தம்பியின் முகம் சிவந்தது. அம்மா குளிர்பெட்டியின் அடித்தட்டைத் துழாவி வேறொரு குப்பியை எடுத்தார். அதே வாங்கியைப் பிடிக்கிற பிறபொருளெதிரிதான், ஆனால் பிடிக்கிற இடம் வேறு. "ஒருவன் தோளைப் பிடிப்பான், மற்றவன் முழங்கையைப் பிடிப்பான்," என்று சொல்லிக்கொண்டே என் கையில் ஊசியை ஏற்றினார். கையுறை ஒன்றுதான் போட்டிருந்தார். அதையும் நான் கண்டேன்.

ஐஸில் அரை மணித்தியாலம் இருட்டுக்குள் வைத்தார்கள். பிறகு மெஷின் ஓடியது. முதலில் ஒரு புள்ளி. பிறகு நாலைந்து. பிறகு வலது மூலையில் ஈ மொய்க்கத் தொடங்கியது. நான் கதவடியை விட்டுத் திரைக்குக் கிட்டப் போனேன்.

சிலருக்குப் பிறப்பிலேயே அந்த வாங்கியின் ஒரு நுனி கொஞ்சம் வேறு மாதிரி இருக்குமாம். முதல் குப்பி பிடிக்கிற இடம் அந்த நுனிதானாம். அதனால் ஒரு கெடுதியும் இல்லையாம். ஆயிரம் பேரின் இரத்தத்தில் சரியாக வேலை செய்த குப்பி என்னுடையதில் வழுக்கிவிட்டது. அம்மா அதோடு விடவில்லை. மனம் ஆற வேண்டும் என்று நோய்க்கான சோதனையையும் எனக்குச் செய்வித்தார். அந்தக் கிழமையே 'இல்லை' என்று தாள் வந்தது.

"சாரிண்ணா," என்றார் தம்பி. "உங்க வீக்எண்ட நான் கெடுத்துட்டேன்."

"இரண்டு நாளிலை என்னைச் சாக்காட்டிப்போட்டீர். செத்தவீட்டுச் சோறு நீர்தான் போட வேணும்," என்றேன். அவரும் சிரித்தார். அவருடைய கண் கலங்கித்தான் இருந்தது.

அந்தத் திங்கள் பின்னேரம் சைக்கிள் தானாக ஓடியது. வீட்டுக்குள் நுழைந்து, சப்பாத்தைக் கழற்றாமலே முழுக் கதையையும் கொட்டினேன். அவள் குசினி மேசையில் இருந்து கேட்டாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எழுந்து போய் என் கோப்பையை எடுத்துவந்து கவிழ்த்து வைத்தாள். அடியில் மஞ்சள் ஸ்டிக்கர்.

"சனிக்கிழமை பின்னேரம் கழுவேக்கை கண்டனான். மஞ்சள் எண்டால் என்னெண்டு நீங்கள்தானே முந்தி விழுந்து விழுந்து சொன்னனீங்கள்."

நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினேன்.

"எனக்கு மூண்டாம் மாசமே கிளினிக்கிலை அந்தச் சோதனை எடுத்தவங்கள். சொல்ல வெக்கமாக் கிடந்தது, சொல்லேல்லை. எனக்கு இல்லையெண்டு வந்தது."

"அப்ப..."

"அப்ப இந்த மனிசனுக்கு இப்ப எங்கயிருந்து வந்தது எண்டு யோசிச்சன். எங்க போறார், ஆரிட்டைப் போறார். ரெண்டு நாளும் அதைத்தான் யோசிச்சன்."

வெள்ளிக்கிழமை விழுந்தது இடி இல்லை. இதுதான் இடி. என் கண்ணெதிரே இரண்டு நாள் அவள் சமைத்திருக்கிறாள், துவைத்திருக்கிறாள், அந்த எண்ணத்தையும் வயிற்றையும் சுமந்துகொண்டு. நானோ துவாயை வேறு ஆணியில் கொழுவியதைப் பெரிய தியாகமென்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

"ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நேற்று நீங்கள் குடிச்சு வைச்ச மிச்சத் தேத்தண்ணியை இந்தக் கோப்பையாலைதான் குடிச்சன். நீங்கள் பாத்துக் கத்துவியள் எண்டு நினைச்சன். நீங்கள் பாக்கேல்லை."

"பிள்ளை வயித்திலை இருக்க... உமக்கென்ன விசரோ!"

"கோப்பையாலை தொத்தாது எண்டு கிளினிக் சுவரிலை படமே போட்டிருக்கு. அந்த நோய்க்காரற்றை ரத்தத்துக்கை மூண்டு வருசமாக் கிடக்கிற உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது. வலது மூலை தெரிந்திருந்தது, இது தெரிந்திருக்கவில்லை.

அவள் நகத்தால் ஸ்டிக்கரைக் கிளப்பினாள். நல்ல பசை, முழுதாக வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிழிந்து வந்தது. பிறகு சனிக்கிழமை மிஞ்சிய சோற்றையும் கறியையும் அதே சட்டியில் போட்டுச் சூடாக்கி, என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"கையைக் கழுவிப்போட்டு வந்து குழையுங்கோ."