ஆடு திங்காத புல்

எங்க அண்ணி ஜெபரத்தினத்தைப் பத்திக் கேட்டா நான் அடக்கமாவெல்லாம் பேசமாட்டேன். இந்தத் திருத்தணியில அவளைப் போல கைமணம் யாருக்கும் கெடையாது, அவ்ளோதான்.

யுத்தத்துல ரங்கூன்லேர்ந்து தானியேல் அண்ணனோட நடந்தே வந்தவ. ஜனங்க நகையை மூட்டை கட்டிக்கினு வந்தாங்க. இவ ஒரு தூர் புல்லை வேரோட ஈரத்துணியில சுத்திக்கினு வந்தா. அங்க குழம்புல போடுவாங்களாம், எலுமிச்சை வாசனை வரும். குளிக்கிற தண்ணி ஓடுற எடத்துல நட்டா, புதரா மண்டிடுச்சு.

எங்க நைனாவுக்கு அது ஆகல. அவரு வளர்த்த கிடா அந்தப் புல்லை மோந்துட்டு மூஞ்சைத் திருப்பிக்கினு போச்சு. ஆடே திங்காததை மனுஷன் திங்கணுமான்னு, அண்ணியைக் குழம்பு வைக்கவே விடல. நாலு வருஷம் வெங்காயம் உரிக்கிறதுதான் அவ வேலை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னுவாங்க. நைனாவைச் சொல்ல முடியுமா, ஆட்டைத்தான் திட்டினேன்.

நாப்பத்தாறுல எனக்குக் கல்யாணம். மாப்ள ஊடு பள்ளிப்பட்டு. பந்தியில குத்தம் கண்டுபிடிக்கிறதுல பேர் போனவங்க. நைனா வீம்புக்கு அந்தக் கிடாவையே வெட்டினாரு. காயடிக்காத கெழட்டுக் கிடா! கறியை அடுப்புல ஏத்தினதும் நாத்தம் தெருக்கோடி வரைக்கும் போச்சு. சமையக்காரன் பரந்தாமன் கரண்டியை வெச்சிட்டான். மாப்ள ஊட்டு வண்டிங்க ஊருக்குள்ள வந்தாச்சு. மானம் போச்சேன்னு நைனா தலையில கை வெச்சிக்கினு ஒக்காந்துட்டாரு.

அண்ணி யாரையும் கேக்கல. முந்தானையை இழுத்துச் சொருகினா. கறியை ஒரு கொதி விட்டு, தண்ணியக் கீழ கொட்டினா. புல்லை அறுத்து, தண்டை நசுக்கிக் கட்டுக்கட்டா அண்டாவுல போட்டா. மலையடிவாரத்து மருந்துக் கடையிலேர்ந்து பேரரத்தை வாங்கியாரச் சொல்லி, இஞ்சியோட இடிச்சிக் கொட்டினா. கஷாயச் சரக்கைக் குழம்புல போடுறாளேன்னு எனக்கே நம்பிக்கை இல்ல. ஆனா, சர்ச்சுல கல்யாணம் முடிஞ்சி நாங்க திரும்பினப்ப தெருவே மணத்துச்சு.

பந்தியில என் மாமியா ரெண்டாந்தரம் குழம்பு கேட்டு வாங்கினாங்க. சமையக்காரன் எந்த ஊருன்னு நைனாவைக் கேட்டாங்க. நான் அவரையே மொறைச்சிப் பாத்துக்கினு இருந்தேன். பரந்தாமன் பேரைச் சொல்லியிருந்தா, கல்யாணப் பொண்ணுன்னுகூடப் பாக்காம அங்கியே கத்தியிருப்பேன்.

"சமையக்காரன் இல்லீங்க," ன்னாரு நைனா. "எங்க மருமவ. இந்த வாசனையை ரங்கூன்லேர்ந்து கையில எடுத்துக்கினு நடந்தே வந்தா."

அதுவரைக்கும் பச்சைத்தண்ணிகூடக் குடிக்காதவரு, ஒரு எலையை இழுத்துப் போட்டுக்கினு ஒக்காந்தாரு. அண்ணி பக்கம் நிமிந்து பாத்தாரு.

"எனக்கும் போடும்மா."

அண்ணி எலை நெறைய போட்டா.