எலி யார் வீட்டு எலி?

எலியிடம் யாராவது அட்ரஸ் ப்ரூஃப் கேட்பார்களா? நான் கேட்டேன். போன வாரம், பட்டப்பகலில், பைபாஸ் பக்கம் ஒரு பழைய கார் யார்டில், பத்துப் பேர் பார்க்க.

நான் கார் வாங்கிய கதை இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். ஏழு வருஷம் ஓடிய சின்ன வெள்ளைக் கார். அதை ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்குள் திருப்ப நான் பட்ட பாட்டைக்கூட எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நான் காரைப் பார்த்து வாங்கவில்லை. விற்றவரைப் பார்த்து வாங்கினேன்.

அந்த யார்டின் சேல்ஸ்மேன். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். என் வயசுதான். இருபது வருஷமாகத் திருவனந்தபுரத்தில் இருக்கிறார். அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம் – பெயர் போடாததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் பூர்வீகம் திருநெல்வேலி என்று தெரிந்ததுமே மலையாளத்தை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"நம்மூர்க்காரர்ட்ட பொய் சொல்ல மாட்டேன் சார். டயர் ரெண்டு மாத்தணும். மத்தபடி வண்டி சுத்தம். செக்லிஸ்ட்ல நான் கையெழுத்துப் போட்டாத்தான் இங்கேருந்து வண்டி வெளிய போவும்."

மூன்று மாத வாரன்டியோடு வண்டி வந்தது. மூன்றாவது வாரம் சரஸ்வதி பூஜையும் வந்தது.

இந்த ஊரில் புத்தகம், ஆயுதம் எதைப் பூஜைக்கு வைத்தாலும் விஜயதசமி காலையில் எடுக்கிறவரை தொடக் கூடாது. படிக்காமல் தப்பிக்க என் மகன் புத்தகங்களை வைத்தான். ஓட்டாமல் தப்பிக்க நான் கார் சாவியை வைத்தேன்.

விஜயதசமி காலை சாவியைத் திருகினால்... கார் கிளம்பவில்லை. டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தது, அணைந்தது, எரிந்தது. கல்யாண மண்டப வாசல் தோற்றது.

பயம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும். எனக்குச் சட்டம் வரும். வாசலில் நின்று ‘கன்ஸ்யூமர் கோர்ட்’ என்று மூன்று தடவை கத்தினேன்.

"காருக்கு என்ன வேணா ஆகட்டும். நீங்க முதல்ல பி.பி. மாத்திரையைப் போட்டுக்கோங்கோ," என்றாள் மனைவி. போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டு கத்தினேன்.

ரெக்கவரி வேனில் கார் யார்டுக்குப் போனது. பின்னாலேயே ஆட்டோவில் நான். மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரே பார்வை பார்த்தார். "எலி," என்றார். வயரெல்லாம் கடித்துக் குதறியிருந்தது. மொத்தமாக மாற்ற வேண்டும். பதினெட்டாயிரம்.

யார்டு முதலாளி பொறுமையான மலையாளி. "சாரே, எலி கடிச்சது வாரன்டியில் வரில்ல," என்றார் மெதுவாக.

"யார் வீட்டு எலி?" என்றேன்.

"எந்தா?"

"எங்க தெருவில எலியே கிடையாது. இது இங்கே கடிச்சது. பாதி கடிச்ச வண்டியை என் தலையில கட்டிட்டீங்க. மீதி என் வீட்டு வாசல்ல அறுந்துது. இந்த எலிக்கு அட்ரஸ் உங்க யார்டு. இல்லேன்னா ப்ரூஃப் காட்டுங்க!"

என்ன வாதம்! எனக்கே கைதட்டத் தோன்றியது. எங்கள் தெருவில் எலி கிடையாதாம்... எங்கள் தெரு எலிகளுக்கு ரேஷன் கார்டே உண்டு. கார் பார்க்க வந்த கூட்டம் என்னைப் பார்க்கத் திரும்பியது. எனக்கோ கூட்டத்தைக் கண்டால் இன்னும் கொஞ்சம் குரல் ஏறும்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில், காய்ந்து சுருண்ட ஒரு வெற்றிலை. அதில் ஒட்டிக்கொண்டு நாலு பொரி.

வைத்தவன் நான்தானே? பூஜைக்கு வைத்த அன்று, "டாஷ்போர்டில் சந்தனம் இட்டால் போதும்," என்று மனைவி சொன்னாள். கேட்டேனா? எஞ்சினுக்குத்தான் முதல் மரியாதை என்று பத்து நிமிஷம் பானெட் லீவரைத் தேடிக் கண்டுபிடித்து, வெற்றிலையில் அவல், பொரி, வெல்லக்கட்டி எல்லாம் படைத்து, மூடிவைத்தேன். வைத்ததைச் சுத்தமாக மறந்தும் போனேன். மூன்று நாள் யாரும் தொடவில்லை.

எலியைத் தவிர.

அந்த நிமிஷம் நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மெக்கானிக் டார்ச் எடுக்கத் திரும்பினார். நான் வெற்றிலையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டு, முன்னைவிட உரக்கக் கத்தினேன்.

"இதோ நிக்கிறாரே, இவர்தான் வண்டி சுத்தம்னு அடிச்சுச் சொல்லி வித்தார்! கையெழுத்து இருக்கு!"

முதலாளி அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "நோக்காதெயாணோ ஒப்பிட்டது?" பார்க்காமலா கையெழுத்துப் போட்டாய் என்ற கேள்வி.

"நல்லா பாத்துத்தான் போட்டேன் முதலாளி," என்றார் அண்ணாச்சி. என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தரையில் எதையோ தேடுகிற மாதிரி நின்றேன்.

கூட்டத்துக்குப் பயந்து முதலாளி இறங்கிவந்தார். ரிப்பேர் செலவு முழுக்க யார்டுடையது. ஜெயித்துவிட்டேன்! வீட்டுக்கு வந்து மனைவியிடம் வாதத்தை முழுசாக நடித்தும் காட்டினேன். வெற்றிலை வரும் இடத்தை மட்டும் கட் பண்ணிவிட்டேன்.

மறுநாள் காலை போன். அண்ணாச்சி.

"சார், பேட்டரிக்கு அடியில பொரி கெடந்துச்சு. கூட ஒரு துண்டு வெல்லம். யாரு கண்ணுலயும் படுமுன்ன நானே பெருக்கித் தள்ளிட்டேன்."

மனைவி காதில் விழாமலிருக்கப் போனோடு வாசலுக்குப் போனேன்.

"வீட்டுல யாராச்சும் சாமிக்குன்னு வச்சிருப்பாவ. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா அப்பிடிப் பேசிருப்பீயளா? முதலாளிட்ட சொன்னா நாலு பேரு முன்னால ஒங்களுக்குச் சங்கடமாப் போயிரும்லா... அதான். இனிமே பானெட்டுக்குள்ள மட்டும் ஒண்ணும் வைக்காண்டாம்னு வீட்டுல சொல்லிருங்க சார்."

"செலவு... யார்டு பார்த்துக்கறாங்க இல்லையா அண்ணாச்சி?"

"ஏஞ் சம்பளத்துல பிடிப்பாவ. அது போட்டும் சார். இனிமே செக்லிஸ்ட்ல நான் கையெழுத்துப் போட வேண்டாம்னுட்டாரு. அதான் கொஞ்சம்... வச்சிரட்டுமா சார்?"

வைத்துவிட்டார்.

நான் மறைத்ததை அவரும் மறைத்திருக்கிறார். நான் மறைத்தது என்னைக் காப்பாற்ற. அவர் மறைத்ததும் என்னைக் காப்பாற்ற! கொடியில் கிடந்த நேற்றைய சட்டையின் பையில் கைவிட்டேன். வெற்றிலை அங்கேயேதான் இருந்தது.

யார்டுக்குப் போகக் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்போது வீராவேசமாகத்தான் இருந்தேன். முதலாளி மேஜைமேல் வெற்றிலையை வைத்தபோது குரல் பாதிதான் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பையில் ஒளித்ததையும் சொன்னேன். பதினெட்டாயிரத்தையும் வைத்தேன்.

முதலாளி வெற்றிலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மலரு மாத்ரமோ சாரே? பாயசம் ஒந்நும் வெச்சில்லே?"

பொரி மட்டும்தானா, பாயசம் வைக்கவில்லையா என்று கேட்கிறார்! யார்டே சிரித்தது. மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. முதலாளி செக்லிஸ்ட் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார். அதை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட் வரை என்னோடு வந்தார்.

"மன்னிச்சுடுங்க அண்ணாச்சி."

"அது போட்டும் சார். நீங்க பத்திரிகையில எழுதுவீயள்லா?"

"ஆமா."

"நேத்து இங்கன நின்ன பத்துப் பேரு இன்னைக்கு வரல பாத்தீயளா. அவங்களுக்கு நான் இன்னும் ஓட்ட வண்டிய வித்த ஆளுதான். அதுல யாராச்சும் ஒங்க எழுத்தப் படிப்பாங்க. எம் பேரு வேண்டாம் சார். பொரி ஒங்களுதுன்னு மட்டும் போட்டுருங்க."

போட்டுவிட்டேன், அண்ணாச்சி. பொரி என்னுடையது. எலியும் எங்கள் தெரு எலிதான்.