அம்மாவுக்கு ஒரு தூங்கும் மரம்

போன வாரம் ஹெப்பகோடியில் ஒரு நர்சரி வாசலில் வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போது காலடியில் ஏதோ நசுங்கியது. பார்த்தால் தூங்குமூஞ்சி மரத்து நெற்று. பழைய வெல்லம் கசிந்தது போன்ற அந்தப் பிசுபிசுப்பு வாசனை மூக்கில் ஏறியதும், எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. மறக்கக்கூடிய வேலையாகவும் வரவில்லை. வீட்டு முன்னால் வைக்க ஒரு கன்று வேண்டும், அதுவும் பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்கிற ஜாதியாக.

சின்ன வயதில் நாங்கள் இருந்த பெங்களூர் மர்பி டவுனில், எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே இப்படி ஒரு தூங்குமூஞ்சி கவிந்து நின்றது. நெற்றைக் கல்லில் வைத்து நசுக்கி, மண் சேர்த்து உருட்டிக் காயவைத்தால் கிரிக்கெட் பந்து தயார். சட்டையெல்லாம் பிசுக்கு ஒட்டும், முதுகில் அம்மா கையும் ஒட்டும். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். பகல் முழுக்கப் பெல் அடித்து அலுத்தவளுக்கு வீட்டுக் கடிகாரத்தின் மேல் நம்பிக்கையே கிடையாது. மரம் இலை மூடினால்தான் அவளுக்கு ராத்திரி. "மரம் தூங்கிடுச்சு, உள்ள வாங்கடா!" என்று குரல் கொடுப்பாள். அவள் பெற்ற பிள்ளை, பெறாத பிள்ளை என்றில்லை, வரிசையில் இருந்த அத்தனை பேரும் அந்தக் குரலுக்குத்தான் கலைவோம்.

மேகம் திரண்டு பட்டப்பகலிலேயே இலை மூடிக்கொண்டால் கொடியில் காயும் துணியை அள்ள ஓடுவாள். அதே வேகத்தில் கட்டிலையும் சுவரோரம் இழுத்துப் போடுவாள். சித்திரைக் காற்றில் கிளை முறிந்தால் ஓடு தாங்குமா என்ற பயம். பயப்படும் விஷயத்தில் நான் அப்படியே அம்மா பிள்ளை.

இப்போது அம்மா எங்களோடு ஹெப்பகோடியில் இருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டது மறந்துபோகிறது, அப்பா போய்ச் சேர்ந்தது மறந்துபோகிறது. வெளிச்சம் குறைந்தால் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "மரம் தூங்கிடுச்சாடா?"

"தூங்கிடுச்சும்மா, உள்ள வா."

அண்ணாந்து பார்ப்பாள். அங்கே கரண்டு கம்பியும் எதிர்வீட்டுத் தண்ணீர் டாங்கும்தான் தெரியும். "பொய் சொல்றான் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் கேட்டைத் திறந்துகொண்டு மரத்தைத் தேடிப் போயேவிட்டாள். என் மனைவி சாந்தி செருப்புக்கூடப் போடாமல் ஓடி, மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அன்றிலிருந்து சாயங்காலம் நெருங்கினாலே ஆபீஸிலிருந்து சாந்திக்குப் போன் போட்டுவிடுகிறேன்.

மரம் வைத்துவிட்டால் போச்சு என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எந்த மரம்? தூங்குமூஞ்சியே வைத்தால் எங்கள் முப்பதுக்கு நாற்பது சைட்டில் வீடு எங்கே நிற்கும்? வேர் தரையடித் தண்ணீர்ச் சம்ப்பை உடைத்தால்? கிளை பக்கத்து வீட்டுக் கார் மேல் விழுந்தால்? வாகையும் இலை மூடும், வைக்கலாம்தான். ஆனால் அதன் காய்ந்த நெற்று நாளெல்லாம் கலகலக்கும், அம்மா யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வாசலுக்குப் போவாள். தொட்டாற்சுருங்கி என்று நான் ஆரம்பித்ததுமே சாந்தி, "முட்டி வலியோட அத்தை குனிஞ்சு பாப்பாங்களாக்கும்" என்று முடித்துவிட்டாள்.

யோசித்து யோசித்துக் கடைசியில் அவசரப்பட்டேன். இறகு மாதிரிப் பொடி இலை, அச்சு அசல் அதே சாயல் என்று ஒரு கன்றை வாங்கி வந்து வாசலில் வைத்தேன். பொழுது சாய்ந்தது, விளக்குப் போட்டாயிற்று, இலை மட்டும் விரிந்தது விரிந்தபடியே இருந்தது. அது ஜக்கரண்டா என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. "என்ன மரம்டா இது, கண்ணு கொட்டாம முழிக்குது" என்று அம்மா நன்றாக இருட்டும்வரை கேட்டை விடவே இல்லை.

அதனால்தான் போன வாரம் உஷாராகப் பொழுது சாயும் நேரம் பார்த்துப் போய், கன்றுகளுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"என்ன சார், அப்போலேர்ந்து சும்னே நிக்கிறீங்க? கடை மூடணும்" என்றார் நர்சரிக்காரர், கன்னடம் கலந்த தமிழில்.

"இது தூங்குதான்னு பாக்கணும்."

"பெங்களூர்ல மனுசனே தூங்கறதில்ல சார், செடிய போய்க் கேக்குறீங்களே!"

சிரிக்கத் தோன்றவில்லை. இந்நேரம் அங்கே அம்மா கேட்டருகே வந்திருப்பாள், சாந்தி ஒற்றை ஆளாகச் சமாளித்துக்கொண்டிருப்பாள். அப்போதுதான் ஒரு கன்றில் இலைகள் ஜோடி ஜோடியாகக் கைகூப்பத் தொடங்கின. "பெர்சியன் சில்க் சார். மிமோசான்னும் சொல்வாங்க. பிங்க் பூ, மாடிக்கு மேல போவாது" என்றார். தொட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். வண்டியை மறுநாள் போய் எடுத்துக்கொண்டேன்.

நட்ட பிறகும் பயம் விடவில்லை. இடுப்புயரக் கன்றை அம்மா மரம் என்று ஒத்துக்கொள்வாளா? இது மரமாகும்வரை அவள் இருப்பாளா? மர்பி டவுனில் அந்த மரம் நின்ற இடத்தில் இப்போது ஒரு அபார்ட்மெண்டின் கார் பார்க்கிங் இருக்கிறது. லைன் வீடுகளும் இல்லை. எங்கள் வரிசையில் யார் வீட்டுக்கு அடுத்தது யார் வீடு என்று கேட்டால் சொல்ல எனக்கு அம்மாவை விட்டால் ஆளில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தபோது கேட்டருகே யாரும் இல்லை. பதறிப்போய்க் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, மூடிக்கொண்ட இலைகளை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்க்க எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்!

"பாத்தியாம்மா? தூங்கிடுச்சு."

உஸ் என்று வாயில் விரல் வைத்தாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்து ஆட்களிடம் பேசுகிற மரியாதையோடு மெதுவாகச் சொன்னாள்.

"பொழுது போயிடுச்சு சார். நீங்களும் வீட்டுக்குப் போங்க. உங்கம்மா தேடுவாங்க."