கரடிக்கு முடி வெட்டிய நாள்

போன வருடம் பங்குனி மாதம், உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் நடந்தது இது.

நான் பிளவுஸ் தைப்பவள். என் கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். வண்டி வேறொருவருடையது, ஓட்டுவது மட்டும் எங்களுடையது. அதற்கு முந்தைய வருடம் எனக்கு இடது மார்பில் கட்டி வந்தது. எங்கள் ஊரில் அந்த நோயின் பேரைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்பதுபோலப் பயப்படுவார்கள். நான் சொல்லிவிடுகிறேன், புற்றுநோய். ஆபரேஷன் செய்து, பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் பலம் குறைந்துவிட்டது. வலது கை என் பிழைப்புக் கை, அது தப்பித்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் முடி தப்பவில்லை. இடுப்புவரை தொங்கிய முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. பாதி கொட்டி பாதி நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் மிச்சத்தை நானே மழித்துவிட்டேன். புருவமும் போனது. பஸ் ஸ்டாண்டில் நின்றால் போதும், "திருப்பதியா, திருத்தணியா?" என்று கேட்பார்கள். முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், பேசாமல் திருப்பதி என்றே சொல்ல ஆரம்பித்தேன். ஒரு அம்மாள் விடாமல் லட்டு எங்கே என்று கேட்டுவிட்டார்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எந்தத் தொற்றும் வரக்கூடாது, கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், அவளைப் பெருநகரில் என் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தோம். தினமும் சாயங்காலம் போனில் பேசுவேன். "அலோ, பெருநகர் மகாராணிங்களா?" என்று நான் ஆரம்பிக்க, "ஆமாங்க, நீங்க யாரு?" என்று அவள் கேட்பாள். அது எங்கள் இருவருக்கும் மட்டுமான விளையாட்டு. வீடியோவில் பேச மட்டும் நான் சம்மதிக்கவில்லை. மொட்டையைப் பார்த்தால் குழந்தை பயந்துவிடுவாளே என்று நினைத்தேன்.

நினைத்தது அப்படியே நடந்தது. சிகிச்சை முடிந்து நாத்தனார் அவளைக் கூட்டிவந்தபோது, நான் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். அவள் அத்தையின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். தலையில் துணி கட்டிப் பார்த்தேன், மை தீட்டிப் புருவம் வரைந்து பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. என் கையால் ஒரு வாய் சோறு வாங்க மாட்டாள். கிட்டே போனால், "நீ வேணா. எங்கம்மா போன்ல கீறாங்க" என்பாள். அந்த ஆளை நான் எப்படிப் போட்டி போட்டு ஜெயிப்பது, சொல்லுங்கள். அந்த ஆளே நான்தானே.

நாத்தனார் தங்கமானவர். ஒரு வாரம் போல கூடவே இருந்து பார்த்தார். அவருக்கும் வீடு, மாடு, கன்று எல்லாம் இருக்கின்றன. கடைசியில் ஒரு நாள் விடிகாலையில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாளைக்கு காலைல நான் கெளம்பறேன். பாப்பாவையும் இட்டுக்கினு போறேன். முடி வளரட்டும், அப்பால கொண்டாந்து வுடறேன். மனசுல ஒண்ணும் வச்சிக்காத." நான் சரி என்று தலையாட்டினேன். முடி வளர்கிற வரை என்றால் எத்தனை மாதமோ. அதற்குள் போனில் இருக்கும் அம்மாவையும் மறந்துவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

அன்றைக்குத்தான் ஆட்டுக்கு முடி வெட்டுவதாக ஏற்பாடு.

அந்த ஆட்டின் கதையைச் சொல்ல வேண்டும். நோய்க்கு முன்னால் என்னிடம் ஆடுகள் இருந்தன. எங்கள் பக்கத்துச் செம்மறி சிவப்பாக, மழமழவென்று இருக்கும். கம்பளி முடி கிடையாது. சிகிச்சைச் செலவில் அவை எல்லாம் போய்விட்டன. சிகிச்சை முடிந்ததும், என் கணவர் தர்மபுரிப் பக்கம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, எனக்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஒரு தாயாட்டையும் குட்டியையும் பிடித்து வந்தார். கன்னங்கரேல் என்று, உடம்பு முழுக்கப் புசுபுசுவென்று கம்பளி. எங்கள் ஊர் அந்த மாதிரி ஆட்டைப் பார்த்ததில்லை. "இன்னாம்மா, கரடிய புடிச்சாந்து கட்டி வச்சிகீறீங்க?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதிலிருந்து அதன் பேரே கரடி ஆகிவிட்டது.

பங்குனி வெயிலில் கரடி நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கியது. பார்க்கப் பாவமாக இருந்தது. விற்றவருக்குப் போன் போட்டால், "கத்தரிச்சு விடுங்க, சும்மா துணி வெட்டற மாதிரிதான்" என்றார். துணி வெட்டுவதுதானே என் தொழில். முதல் நாள் பம்புசெட்டில் குளிப்பாட்டிக் காயவிட்டோம். மறுநாள் காலை கணவர் ஆட்டின் காலைப் பிடித்துக்கொள்ள, நான் பழைய கத்தரியால் வயிற்றிலிருந்து ஆரம்பித்தேன். துணி அசையாது, ஆடு அசையும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அங்கங்கே தோலில் கீறல் விழுந்தது. படிப்படியாகக் கம்பளி ஒரு பக்கம் குவிந்து, உள்ளிருந்து மெலிந்த, வெளிறிய, காது மட்டும் பெரிதான வேறொரு ஆடு எழுந்து நின்றது.

கீறலுக்கு என்று வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தார் கணவர். கீறலுக்கு மட்டும் தடவியிருக்கலாம். "மொட்டை போட்டா சந்தனம் பூசணும் இல்ல? சந்தனத்துக்கு எங்க போறது?" என்று சொல்லி, தலை முதல் வால் வரை அந்த மஞ்சளைப் பூசிவிட்டார். வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ரொம்ப நாள் கழித்து நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கொல்லையில் கட்டியிருந்த குட்டியை அவிழ்த்துவிட்டதும் சிரிப்பு நின்றது.

காலையிலிருந்து பால் குடிக்காத குட்டி. துள்ளிக்கொண்டு ஓடிவந்தது, தாய்க்குப் பக்கத்தில் வந்ததும் சடாரென்று நின்றது. முகர்ந்து பார்த்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் மூக்கில் ஏறியதோ என்னவோ, தும்மிவிட்டுப் பின்வாங்கியது. தாய் கத்திக்கொண்டே கிட்டே போனால் இது பயந்து ஓடியது. ஓடிப்போய் எங்கே நின்றது தெரியுமா? வெட்டிப்போட்ட கம்பளிக் குவியலுக்குப் பக்கத்தில். அதற்குள் மூக்கை நுழைத்து, முட்டி முட்டி மடியைத் தேடியது.

கணவர் குட்டியைத் தூக்கிவந்து மடியில் வாயை வைத்து அழுத்தினார். அது திமிறிக்கொண்டு மறுபடியும் கம்பளியிடமே போனது. கம்பளியைத் தாயின் முதுகில் போர்த்திப் பார்த்தோம். கரடி ஒரு உதறு உதறியதில் எல்லாம் மண்ணில் கிடந்தது. வெயில் ஏறி இறங்கியும் குட்டியின் வாயில் ஒரு சொட்டுப் பால் படவில்லை. அதன் கத்தல் மெலிந்துகொண்டே வந்தது.

அதுவரை அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்த என் மகள் மெதுவாக முன்னால் வந்தாள். குட்டிக்கு எதிரில் உட்கார்ந்து, பெரிய மனுஷி மாதிரி விரலை நீட்டிச் சொன்னாள்.

"ஏ குட்டி, அதான் உங்கம்மா. முடி வெட்டிக்கிச்சு, அவ்ளோதான். போய் பால் குடி."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். நான் கை கழுவுகிற சாக்கில் தொட்டியடிக்குப் போய், கையைக் கழுவிக்கொண்டே நின்றேன். அழுகையை அடக்க முடியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்று தெரிந்தது. தாய் கத்தும்போதெல்லாம் குட்டியின் காது விடைத்து அந்தப் பக்கம் திரும்புகிறது. ஓரடி எடுத்து வைக்கிறது. நிமிர்ந்து பார்த்ததும் நின்றுவிடுகிறது. காது போ என்கிறது, கண் போகாதே என்கிறது.

முதலில் அந்த மஞ்சளைத் துடைத்து எடுத்தேன். பிறகு கரடியைக் கொட்டகைக்குள் கட்டி, முன்னால் தார்ப்பாயை இறக்கிவிட்டேன். குட்டியை வெளியே விட்டுவிட்டு எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். உள்ளேயிருந்து கரடி தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் கொடுத்தது. இத்தனை நேரம் கத்திய கத்தல் இல்லை, குட்டிக்கென்றே வைத்திருக்கும் சத்தம். குட்டி பதில் சொன்னது. தார்ப்பாய் வரை போய் நின்று கேட்டது. பிறகு அடியில் தலையை நுழைத்து உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மடியை முட்டிச் சப்பிக் குடிக்கும் சத்தம் வெளியே எங்களுக்குக் கேட்டது.

"குடிக்குதா?" என்று அத்தையிடம் கேட்டாள் மகள்.

"குடிக்குது கண்ணு."

சாயங்காலம் அவளை ஏணையில் போட்டு நாத்தனார் ஆட்டிக்கொண்டிருந்தார். புடவைத் துணியில் கட்டிய தூளியைத்தான் நாங்கள் ஏணை என்போம். உள்ளே படுத்திருப்பவளுக்கு வெளியே இருப்பது தெரியாது. நான் சைகை காட்டினேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டு கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போனார். இது பலிக்காவிட்டால் காலையில் அவள் பெருநகர் பஸ்ஸில் இருப்பாள்.

ஏணையை ஆட்டியபடி சொன்னேன். "அலோ, பெருநகர் மகாராணிங்களா?"

உள்ளே அசைவு நின்றது. பிறகு பதில் வந்தது.

"ஆமாங்க. நீங்க யாரு?"

"நான் உங்கம்மா பேசறேன்."

"எங்க கீற?"

"இங்கதான் கீறேன். ஏணைக்குப் பக்கத்துல."

துணி மடிப்பைத் தள்ளிக்கொண்டு ஒரு கை வெளியே வந்தது. துழாவி என் மோவாயைத் தொட்டது, காதைப் பிடித்தது, மேலே ஏறி மொட்டைத் தலையில் போய் நின்றது.

"உனுக்கும் வெட்டிட்டாங்களா?"

"ஆமாடா."

"வலிச்சிச்சா?"

"வலிச்சுது. இப்ப இல்ல."

"உனுக்கு மஞ்சா பூசலயா?"

சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் நாத்தனார் தனியாகத்தான் பஸ் ஏறினார். ஏறும்போது, "ஒரு ஆட்டுக்கு கீற அறிவு நமக்கு இல்லாம பூட்ச்சே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கம்பளியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அழுக்குப் போகட்டும் என்று வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கினேன். முடி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஜமுக்காளம் மாதிரி கெட்டிப்பட்டுவிட்டது. முதலில் என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு, துணி மாதிரி ஆகிவிட்டதென்றால் அது என் தொழில்தானே என்று தோன்றியது. பிளவுஸ் வெட்டி மீந்த பட்டுத் துண்டுகளில் ஒரு ஆட்டுப் பொம்மை தைத்து, அந்தக் கம்பளியில் அதற்கு ஒரு கோட்டு வெட்டி, பிரஸ் பட்டன் வைத்தேன். மகள் கோட்டைக் கழற்றுவாள், மாட்டுவாள், இரண்டு தடவையும் அதை அம்மா என்றே கூப்பிடுவாள். இப்போது செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் அப்படி ஒரு பொம்மை என் பையில் இருக்கும். மருந்து ஏற்றிக்கொள்ள வந்து உட்கார்ந்திருப்பவர்களில், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிற அம்மா யாராவது இருந்தால் கொடுத்துவிட்டு வருவேன்.

எனக்கு முடி கழுத்துவரை வளர்ந்துவிட்டது, ஆனால் அன்றைக்கு அந்தச் சின்னக் கை தலையில் எந்த இடத்தில் வந்து நின்றது என்று யாராவது கேட்டால், இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவேன்.