ஜூன் ஒன்றில் பிறக்காத தேவகி

1990 ஜூன் 1. தேவகியின் எல்லாச் சான்றிதழ்களிலும் பிறந்த நாள் இதுதான். அன்று அவருடைய அம்மாவுக்கு மூன்றாவது மாதம்.

உண்மையில் அவர் பிறந்தது அந்த ஆண்டு டிசம்பர் 19, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமமான தாமலில், வீட்டிலேயே. யாரும் பதிவு செய்யவில்லை. நாலரை வயதில் அப்பா கலியன் பள்ளிக்கு அழைத்துப் போனார். ஐந்து நிறையவில்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார் ஆசிரியர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சிலேட்டைப் பிடுங்கி எழுதும் குழந்தையை இன்னொரு வருடம் வரப்பில் உட்கார வைக்கக் கலியனுக்கு மனமில்லை. "அஞ்சு முடிஞ்சிச்சு சார்" என்றார். ஆசிரியர் ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அதே பிறந்த நாள்.

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே தேவகி முனைவர் பட்டம் முடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. தாமல் ஏரியின் வண்டலை அடுக்கடுக்காக எடுத்து, எந்தக் காலத்தில் மழை பொய்த்தது என்று கண்டறிகிறார். அதற்கு வேண்டிய கருவி நெதர்லாந்தில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறது. அவர்கள் ஓராண்டு இடம் தந்தார்கள். நெதர்லாந்து போகும் ஆய்வாளர்களின் செலவை ஏற்கும் ஓர் அறக்கட்டளை நேர்காணலில் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஒரு நிபந்தனை: ஜூலை 1 அன்று 35 வயது நிறைந்திருக்கக் கூடாது. விண்ணப்பத்தில் வயதை மட்டும் கேட்டிருந்தார்கள்; தேவகி டிசம்பரை வைத்து எண்ணி 34 என்று எழுதினார். வீட்டில் என்றும் அப்படித்தான்.

சான்றிதழ் சரிபார்ப்பு 2025 ஜூன் 24 அன்று, அறக்கட்டளை அலுவலகத்தில். கலியனும் கூட வந்திருந்தார். மேசையில் இருந்த அலுவலர் பிரவீனா மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை பார்த்தார்.

"முப்பத்தஞ்சு முடிஞ்சிடுச்சேம்மா. இருபத்து மூணு நாள் ஆகுது."

"இல்ல மேடம், எனக்கு டிசம்பர்லதான்..." சொல்லும்போதே தேவகிக்குப் புரிந்துவிட்டது.

கலியன் முன்னால் வந்தார். "நான்தாம்மா பொய் சொன்னேன். ஏரி ரொம்பி வழிஞ்ச மார்கழிலதான் பொறந்துது. ஊர்ல யாரை வேணா கேளுங்க. என்னை இன்னா வேணா பண்ணுங்க, பொண்ணை அனுப்பிடுங்க."

வரிசையில் இருந்து ஒரு குரல்: "வயசைக் கொறைக்கிறவங்களத்தான் பாத்துக்கினு இருக்கோம். ஏத்திச் சொன்னது நீதாம்பா, பெருசு!"

எல்லோரும் சிரித்தார்கள். தேவகியும் சிரித்தார். அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரவீனா சிரிக்கவில்லை. "பாஸ்போர்ட்லயும் இதே தேதிதான். நான் இன்னாம்மா பண்ணட்டும்?"

பேருந்து நிறுத்தத்தில் கலியன் மெதுவாகக் கேட்டார். "அடுத்த வருஷம் போடலாமாம்மா?"

"அடுத்த வருஷம் எனக்கு வயசு ஏறத்தான் செய்யும், நைனா."

கூட்டமில்லாத பேருந்தில் தேவகி அப்பாவுக்கு நான்கு இருக்கை முன்னால் போய் உட்கார்ந்தார். தாமல் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அறக்கட்டளையின் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவர் செப்டம்பரில் நெதர்லாந்து போகிறார்.