ஏரிப் பாடத்தை இரண்டு முறை நடத்திய மரகதம்

மரகதம் போய்விட்டாள்.

காலையில் அவள் மகன் தென்னேரியிலிருந்து போன் செய்தான். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம்... இன்றைக்கே எடுக்கிறார்கள். இந்த முட்டிவலியோடு என்னால் பஸ் ஏற முடியாது.

அதனால் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். நானும் அவளும் ஒரே டீச்சர் டிரெயினிங் ஸ்கூல், ஹாஸ்டலில் ஒரே ரூம். அவள் வீட்டில் எல்லாருமே அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். படித்து வேலைக்குப் போகப்போகிற முதல் ஆள் அவள்தான்.

ஆனால் கிளாஸ் எடுக்கச் சொன்னால் பாவம்... குரல் தொண்டையைத் தாண்டாது. பிள்ளைகளைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துப் பேசுவாள்.

லெசன் பிளான் எழுதுவதில் மட்டும் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்திலேயே, பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்றும் எழுதிவிடுவாள். அப்படித்தான் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஹாஸ்டலில் துவைக்கிற கல்லில் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்துவாள். "தப்பு தப்பா பதில் சொல்லுடி. நான் சமாளிக்கிறனா பாக்கலாம்" என்பாள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன்... சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். அவள் சிரிக்க மாட்டாள். அதற்கெல்லாம் பதில் யோசித்துக்கொண்டிருப்பாள்.

டீச்சிங் பிராக்டிஸுக்கு எங்கள் இரண்டு பேரையும் பெருநகர் என்ற ஊரைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒரே ஹால். அதில்தான் எல்லா வகுப்பும்.

மூன்றாம் வகுப்புக்கு அவள் எடுத்த பாடம், ஏரியின் பயன்கள். களிமண்ணில் கரை, மதகு, வாய்க்கால் எல்லாம் செய்து கொண்டுவந்திருந்தாள். தண்ணீர் ஊற்றினால் மதகு வழியாக நிஜமாகவே ஓடும்.

மார்க் போட டிரெயினிங் மாஸ்டர் வந்து பின்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். அன்றைக்கு மரகதத்தின் குரல் கணீரென்று வந்தது... எனக்கே ஆச்சரியம்.

ஏரி நமக்கு என்ன தருகிறது என்று கேட்டாள். தண்ணீர், மீன், நெல்... எழுதிவைத்த பதில்கள் வரிசையாக வந்தன. இன்னும் என்ன என்று கேட்டாள்.

நடு வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். சரசு என்று பேர்.

"எங்க அக்காவ எத்துக்கினு பூட்ச்சி டீச்சர்."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நான் சொன்ன எந்தப் பதிலிலும் இது இல்லை.

போன மழையில் மதகுப் பக்கம் போனவளைத் தண்ணீர் இழுத்துக்கொண்டதாம். நாங்கள் ஊருக்குப் புதுசு, யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்தச் சரசு ஸ்கூலில் வாயே திறக்கவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மரகதம் கையிலிருந்த குச்சியை மேஜைமேல் வைத்தாள். கிட்டே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா பேரு இன்னா?"

"வள்ளி."

வள்ளி என்னவெல்லாம் செய்வாள் என்று கேட்டாள். நண்டு பிடிப்பாளாம். சரசுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாளாம். மற்ற பிள்ளைகளும் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு பையன் கையை நீட்டி, "இங்கதான் டீச்சர் குந்திக்கினு இருக்கும்" என்றான்.

அப்போதுதான் பார்த்தேன். சரசுவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மணி அடித்துவிட்டது. களிமண் ஏரியில் தண்ணீர் ஊற்றவே இல்லை.

பாடம் முடியவில்லை, நோக்கம் நிறைவேறவில்லை என்று மாஸ்டர் எழுதினார். அடுத்த வாரம் அதே பாடத்தை அதே வகுப்புக்குத் திரும்ப எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாஸ் கிடையாது.

அடுத்த வாரம் மறுபடி அந்த ஏரி, அந்த மதகு. பிள்ளைகள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். இடைவெளி இல்லை.

கேள்வி கேட்டாள். சரசு தானாகவே எழுந்தாள்.

"மீனு, டீச்சர்."

மரகதம் காத்திருந்தாள். "வேற?" என்றாள். குரல் பழையபடி தொண்டைக்குள்ளேயே போய்விட்டது.

"அவ்ளோதான் டீச்சர்."

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே மார்க் போட்டார். நல்ல மார்க்.

வெளியே வந்ததும் ஹெட்மாஸ்டர் சந்தோஷமாகச் சொன்னார். "நான்தாம்மா அந்தப் பொண்ணக் கூப்ட்டு சொல்லிக் குடுத்தேன். உனுக்குப் பேஜார் ஆவக் கூடாதில்ல?" நல்ல மனுஷன். நல்லதுக்குத்தான் செய்தார்.

அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் மரகதம் சரசுவைத் தனியாகக் கூப்பிட்டு, அக்காவைப் பற்றிச் சொல்லு என்று கேட்டாள். கெஞ்சிக்கூடப் பார்த்தாள். அந்தப் பெண் களிமண் மதகையே பார்த்துக்கொண்டு நின்றது. பேசவே இல்லை.

நாங்கள் ஊரை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் பேசவில்லை.

மரகதம் பாஸானாள். வேலை கிடைத்தது, கல்யாணம், பிள்ளைகள்... ரிடையர் ஆகிறவரை டீச்சர். லெசன் பிளானில் கேள்விக்குப் பக்கத்தில் மட்டும் பதில் எழுதமாட்டாள். வெறுமனே விட்டுவிடுவாள். அதற்காக இன்ஸ்பெக்‌ஷனில் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறாள்.

வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, மறுநாள் கறிவிருந்துப் பந்தியில் இலை போட்டு மீன் குழம்பு ஊற்ற வந்தார்கள். வேண்டாமென்று கையை இலைமேல் வைத்தாள். "அந்த 'மீனு'க்கு எனக்கு மார்க் போட்டாங்கடி" என்றாள்.

போன மாதம் அவளே போன் செய்தாள். பேச்சு எங்கெங்கோ போய்ச் சட்டென்று நின்றது.

"அந்தப் பொண்ணுக்கு இப்ப எழுவது வயசாவது இருக்குமில்ல? எங்கனா கீறாளா இல்லியான்னு கூட தெரியல..."

இருப்பாள் என்றேன். அக்காவைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருப்பாளா என்று கேட்டாள்.

இந்நேரம் உன்னை எடுத்திருப்பார்கள்...

போய் வாடி மரகதம்.